எடுக்கவும் கூடாது, விடவும் கூடாது

மழை பெய்தால் குடையை வீட்டில் வைத்துவிட்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்து நனைகிற சீமை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது, அரிசோனா என்று பெயர். அங்கே அடிக்கிற வெயிலில் பல்லிகூட ஒரு காலைத் தூக்கி ஆறவைத்துவிட்டுத்தான் அடுத்த காலைத் தரையில் வைக்கும். அந்தச் சீமையில் மூன்று சிநேகிதர்கள் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தார்கள்.

கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. பல வருஷம் அதோடு குடித்தனம் நடத்தி இவர்களும் அப்படியே ஆகிப்போனார்கள் என்று சிலர் சொல்வார்கள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அதைப் பார்த்துத்தான் அந்த வேலையே கொடுத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

மூவரில் திண்டுக்கல் அருளப்பன்தான் தலைவன். தாடைக்குக் கீழே கயிறு கட்டுகிற தொப்பி அவனிடம் மட்டும்தான் இருந்தது. கோபிச்செட்டிபாளையம் செம்மலை யோசனைக்காரன். எதையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, தப்பான பக்கமாகப் பார்த்து எடுப்பான். மூன்றாவது ஆள் உடன்குடி பூவலிங்கம். கார் இவனுடையது. கவலையும் இவனுடையதுதான்.

கவலைக்குப் பெயர் ஆவுடைநாயகம், அவனுடைய மாமனார். கல்யாணத்தன்று ஐயர், "பெண்ணின் கையைப் பிடியுங்கோ, விடப்படாது" என்று சொன்னாரா, இவன் மறுநாள் மத்தியானம் வரை விடவில்லை. பந்தியில் பெண் இடது கையால் சாப்பிட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்ததிலிருந்து மாமனார் மாப்பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்பேர்ப்பட்டவர் முதல்முறையாக அமெரிக்காவுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளேன் இறங்குகிறது.

"அப்பா வந்து சேரும்போது நீங்க ஏர்போர்ட்ல கண்ணு முன்னால நிக்கணும்" என்றாள் மனைவி செண்பகம். "பிந்துனீங்கன்னா அடுத்த பிளேன்லயே திரும்பிருவேன், உன்னையும் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லியிருக்காங்க. சும்மா சொல்லுத ஆளு இல்ல, பாத்துக்கோங்க."

"மத்தியானமே வந்துருவேன் செண்பகம். இந்தா இருக்கிற குடைக்கல்லப் பாத்துட்டு ஓடியாந்துருவோம்."

குடைக்கல் என்பது பாலைவனத்து நடுவில் குடை விரித்தாற்போல் நிற்கும் பாறை. சனி, ஞாயிறு ஆனால் சிநேகிதர்கள் இப்படி எங்காவது கிளம்பிவிடுவார்கள். அந்த ஞாயிறு காலையிலும் செண்பகம் ஒரு தூக்கில் மோரும் ஒரு டப்பாவில் புளிசாதமும் கொடுத்து அனுப்பினாள்.

பாலைவன வாசலில் பெரிய தொப்பி போட்ட காவல்கார அம்மாள் ஒருத்தி நின்றாள். நல்ல மனுஷி. காரை நிறுத்தி நாலு உத்தரவு போட்டாள்.

"தண்ணீர் பாதி தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் சரி, திரும்பி வந்துவிடுங்கள். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது. எதையும் விட்டுப் போகவும் கூடாது. ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது."

மூவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். அந்த அம்மாளுக்கு ரொம்ப சந்தோஷம். இவ்வளவு கவனமாகக் கேட்ட ஆட்களை அவள் அதுவரை பார்த்ததில்லை.

காரை நிறுத்தி இறங்கியதும் அருளப்பன் தாகமாக இருக்கிறதென்று தன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தான். செம்மலை பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"ஏப்பா, பாதி தீந்துபோச்சு."

"ஐயையோ!"

மூவரும் காரில் ஏறி வாசலுக்குத் திரும்பினார்கள்.

"அதற்குள் குடைக்கல்லைப் பார்த்துவிட்டீர்களா?" என்றாள் காவல்கார அம்மாள்.

"இன்னும் கார் கதவையே சாத்தலை மேடம். தண்ணி பாதி ஆயிருச்சு."

அவள் குழாயில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். திரும்பப் போகும்போது அருளப்பன் ஒரு முடிவுக்கு வந்தான். "தப்பு எங்க நடந்துச்சு தெரியுமா? குடிச்சதுலதான். குடிக்காம இருந்தா எம்புட்டு தூரம் வேணா போகலாம்."

அருமையான யோசனை என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பாட்டிலையும் இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார்கள். சூரியன் உச்சிக்கு வந்தது. நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிற்று. பூவலிங்கத்துக்குத் தூக்கு ஞாபகம் வந்தது.

"மக்கா, மோரு இருக்குல்லா! மோரைக் குடிச்சா தண்ணி குறையாதுல."

செம்மலை கையைக் காட்டி நிறுத்தினான். "கொஞ்சம் பொறு. மோரு தண்ணியா, தண்ணியில்லையா? அதை மொதல்ல தீத்துக்கோணும்."

மூவரும் கொதிக்கிற மணலில் நின்றபடியே தீர்க்க ஆரம்பித்தார்கள்.

"தயிருல தண்ணி ஊத்துனாத்தானே மோரு?" என்றான் செம்மலை. "அப்ப மோருல பாதி தயிரு, பாதி தண்ணி. தூக்கு ரொம்ப மோரு இருந்தாலும் தண்ணி பாதிதான் இருக்குது."

அருளப்பன் முகம் வெளிறிப்போயிற்று. "டேய், அப்ப வீட்டுல இருந்து கிளம்பும்போதே தண்ணி பாதிதானா? நாம கிளம்பியிருக்கவே கூடாதே!"

பூவலிங்கம் பயந்துவிட்டான். குடைக்கல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மாமனார் இந்த ஊரில் என்ன பார்த்தீர் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றாவது வேண்டாமா? அப்போதுதான் அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு யோசனை உதித்தது.

"ஏல, அது செண்பகம் கலக்குன மோருல. முக்காவாசி தண்ணிதான் இருக்கும்."

"முக்காலா? சத்தியமா?"

"கல்யாணமான நாள்ல இருந்து குடிக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அப்பப் பொழச்சோம்" என்று அருளப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். இருந்தாலும் குடிக்கக் குடிக்க முக்கால் எப்போது பாதியாகும் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வம்பே வேண்டாமென்று தூக்கை அப்படியே மூடி வைத்துவிட்டார்கள். புளிசாதத்தை மட்டும் தின்றார்கள். அதில் செண்பகம் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தாள்.

ஒருவழியாகக் குடைக்கல் வந்தது. அதன் நிழலில் செம்மலை அப்பாடா என்று உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். பக்கத்தில் உருண்டை உருண்டையாய் முள் காய்த்த கள்ளி ஒன்று. கிட்டே போனாலே போதும், உருண்டை கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். செம்மலையின் பின்பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"எடுங்கடா, எடுங்கடா!"

"எடுக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்குல்ல" என்றான் அருளப்பன்.

"நான் எங்கடா எடுத்தேன்? அதுவா வந்துச்சு!"

"அதுவா வந்துச்சுன்னு சொன்னா நம்புவாங்களா? உன் பேன்ட்டுல இருந்தா நீ எடுத்தேன்னுதான் அர்த்தம். எந்தச் செடியோ அந்தச் செடியிலயே திருப்பி ஒட்டிரணும்."

அருளப்பன் செம்மலையை அலாக்காகத் தூக்கி, பின்பக்கத்தைக் கள்ளியை நோக்கித் திருப்பி, பழைய இடம் எது என்று குறிபார்த்து அழுத்தினான். ஒட்டியிருந்த உருண்டை போகவில்லை. புதிதாக இரண்டு சேர்ந்தன. பிடுங்கப் போன அருளப்பனின் கை அதில் ஒட்டிக்கொண்டது. அருளப்பனை இழுக்கப் போன பூவலிங்கத்தின் சட்டையும் ஒட்டிக்கொண்டது. ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்ற கடைசி உத்தரவு அந்த நிமிஷத்தில் பூரணமாக நிறைவேறியது.

கூச்சலும் குதியுமாக அவர்கள் பிய்த்துக்கொண்டு மணலில் விழுந்தபோது, பூவலிங்கத்தின் சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியும் விழுந்தது. அவன் குனிந்து கையை நீட்டினான்.

"தொடாதே!" என்றான் அருளப்பன்.

"ஏல, என் சாவில!"

"விழுகிற வரைக்கும் உன் சாவி. இப்பத் தரையில கிடக்குது. தரையில கிடக்குறது எல்லாம் பாலைவனத்துச் சொத்து. எடுக்கக் கூடாது."

"சரி, விட்டுட்டு நடந்து போயிருவோம்."

"விட்டுட்டும் போகக் கூடாதே" என்றான் செம்மலை, நின்றபடியே. உட்காருகிற நிலையில் அவன் இல்லை.

மூவரும் சாவியைச் சுற்றி நின்றுகொண்டு துக்க வீட்டில் நிற்பதுபோல் அதையே பார்த்தார்கள். குடைக்கல்லின் நிழல் இவர்கள் காலைத் தாண்டி மறுபக்கம் நீண்டது. மாமனாரின் பிளேன் எந்தக் கடலுக்கு மேலே வருகிறதோ என்று பூவலிங்கம் கணக்குப் போட்டான். போனைப் பார்த்தான். சிக்னல் இல்லை.

"மக்கா, எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். உதைச்சா என்னல?"

அருளப்பன் தொப்பியைக் கழற்றி யோசித்தான். செம்மலை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். உதைக்கக் கூடாது என்று அந்த அம்மாள் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

அப்புறமென்ன, உதைத்தார்கள். ஒரு உதைக்கு நாலடி போகும். சில உதைக்கு ஆளைவிடப் பெரிய கள்ளிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே உதைக்க ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். அருளப்பன் உதைத்த ஒரு உதையில் சாவி வந்த வழியே திரும்பிக் குடைக்கல்லுக்கே போய்விட்டது. அதற்காக மற்ற இருவரும் அவனை உதைத்தார்கள். அதையும் யாரும் கூடாதென்று சொல்லவில்லை.

வெயில் மஞ்சளாகும் நேரத்துக்குக் கார் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சாவி காருக்கு முன்னால் கிடந்தது. இன்னும் தரையில்தான் கிடந்தது. மூவரும் குப்புறப் படுத்து, சாவியைப் பார்த்து அடுத்த ஆலோசனையை ஆரம்பித்தபோது, வாசலை அடைக்குமுன் ஒரு சுற்றுப் பார்க்க வந்த காவல்கார அம்மாளின் ஜீப் வந்து நின்றது.

"என்ன செய்கிறீர்கள்?"

"மேடம், உங்க சாவி கீழ கிடக்கு" என்றான் அருளப்பன்.

அவள் குனிந்து எடுத்து, அதிலும் காரிலும் ஒரே குறி இருப்பதைப் பார்த்து, பூவலிங்கத்தின் கையில் கொடுத்தாள். கொடுத்தது எடுத்ததாகாது என்று மூவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பூவலிங்கம் அவள் காலில் விழுந்து கும்பிட்டான். அவளோ வெயிலில் வெந்த மூன்று முகங்களையும், வெடித்த உதடுகளையும், மூடி திறக்காத பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?"

"குடிச்சா பாதி தீந்துருமே!"

அந்த அம்மாள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்: "வழியில் எங்கேயும் நிற்காதீர்கள். தயவுசெய்து நேராக வீட்டுக்குப் போங்கள்."

போகிற வழியில்தான் விமான நிலையம். தூரத்திலேயே விளக்குகள் தெரிந்தன.

"மக்கா, இங்க திருப்பிருதேன். மாமா எறங்குத நேரம்ல."

"எங்கேயும் நிக்காமப் போகோணும்னு சொல்லியிருக்குதல்ல" என்றான் செம்மலை பின்சீட்டில் குப்புறப் படுத்தபடி. "உன்ற சாவியக் குடுத்த புண்ணியவதி பேச்ச மீறுவியா?"

பூவலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மீறவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பிளேன் இவர்கள் தலைக்கு மேலேயே தாழப் பறந்து இறங்கியது. அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைக் கும்பிட்டான். கார் விமான நிலையத்தைத் தாண்டி வீட்டுக்குப் போயிற்று.

செண்பகம் கதவைத் திறந்தாள். "அப்பா எங்க?"

"இப்பத்தான் தலைக்கு மேல போனாங்க" என்றான் பூவலிங்கம்.

அதற்கப்புறம் செண்பகம் பேசியதை எழுத முடியாது. கடைசி வாக்கியம் மட்டும் இது: "அப்பா இல்லாம இந்த வாசல மிதிச்சீங்க, நான் ஊருக்குப் போனதா நெனைச்சுக்கோங்க!"

மூவரும் பறந்தார்கள். பூவலிங்கம் முதல் ஆளாக விமான நிலையத்துக்குள் ஓடினான். வாசலில் மாமனார் இல்லை. நாற்காலிகளில் இல்லை. திரும்பிப் போகிற பிளேனுக்கு டிக்கெட் வாங்குகிற இடத்திலும் இல்லை. பெட்டிகள் வந்து சேரும் கூடத்தில் எட்டிப் பார்த்தான்.

பெட்டிகளைச் சுமந்துகொண்டு வட்டமாகச் சுற்றும் நீளமான ரப்பர் பெல்ட் இருக்குமே, அதன்மேல் ஒரு பெரிய பச்சை டிரங்குப் பெட்டி வந்துகொண்டிருந்தது. பெட்டிமேல் சம்மணம் போட்டு, துண்டை மடியில் விரித்து, தூண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஆவுடைநாயகம். பெட்டியை விட்டு அங்கே இங்கே நகரக் கூடாது என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

பூவலிங்கம் பெல்ட்டோடு கூடவே ஓடினான்.

"மாமா, மன்னிச்சுக்கோங்க மாமா! ரொம்பப் பிந்திட்டேன்!"

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"எங்க மாப்ளே பிந்துனீங்க? நானே இன்னும் வந்து சேரலியே! பிளேன விட்டு எறங்கி இந்த ரயில்ல ஏறுனேன், போயிட்டே இருக்கு. என்ன ஊரு மாப்ளே இது, எல்லா ஸ்டேஷனும் ஒண்ணுபோலவே கட்டி வச்சிருக்கான்! நானே வந்து சேருததுக்கு முன்னால பாதி வழியில வந்து எதிர்கொண்டு கூப்பிடுதீங்களே, நீங்கதான் மாப்பிள்ளை. ஏறுங்க, ஏறுங்க, எடம் கெடக்கு. இவங்க யாரு, கூட்டாளியளா? அவங்களையும் ஏறச் சொல்லுங்க."

மூவரும் ஏறினார்கள். செம்மலை மட்டும் நின்றுகொண்டே பிரயாணம் செய்தான். செண்பகம் போனில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "மாமாகூட வந்துக்கிட்டே இருக்கேன்" என்று பூவலிங்கம் பெருமையாகச் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்துவிட, யாரோ உள்ளே பொத்தானை அமுக்கினார்கள். பெல்ட் நின்றது.

மாமனார் முன்னாலும் பின்னாலும் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இங்கயும் நம்மூரு பஸ்ஸு கததானா? எறங்குங்க, எறங்குங்க, தள்ளணும்போல்ருக்கு."

மூவரும் குதித்து இறங்கி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்கள். மாமனார் மட்டும் இறங்கவில்லை. நாலு பேரில் டிக்கெட் எடுத்திருந்தவர் அவர் ஒருத்தர்தானே.