நிக்காது என்று சொன்னவன்

தவமணி அம்மாவின் ஆசிரமத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது அறவாழிக்கு ஐம்பத்தாறு வயது. அம்மா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

அறவாழி நூற்பாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். ஆட்களிடம் வேலை வாங்கத் தெரியும். தியானத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு அம்மா, "நீங்க கண்மாய்க் கரைக்குப் போங்க," என்றார்.

போன ஐப்பசியில் அந்தக் கரை உடைந்து மூன்று ஊர் நெல்லையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. இந்த வருடமும் உடைந்தால் விதைநெல்கூட மிஞ்சாது. கரையைக் கட்டித் தரும்படி ஊர்க்காரர்கள் அம்மாவிடம் வந்து கேட்டிருந்தார்கள். மழைக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது. ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் வேலைக்கு வந்தார்கள்.

பதினோராம் நாள் மாலை அறவாழி அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு ஆளை நிறுத்தணும். உத்தரவு கொடுங்க."

"யாரை?"

"சேவுகன்னு ஒருத்தன்."

"வேலை செய்யலையா?"

"ரெண்டு ஆள் வேலை செய்யறான். ஆனா வாயைத் திறந்தா, 'இது நிக்காது'. காலையில மண்வெட்டியைத் தொடும்போதே அந்தப் பேச்சுதான். மூஞ்சியும் எந்நேரமும் கடுகடுன்னு இருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு மத்தவங்களுக்குக் கை ஓஞ்சு போகுது. மில்லுல இப்படி ஒருத்தன் இருந்தா ஒரு ஷிப்டையே கெடுத்துடுவான்."

"மத்தவங்க எப்படி?"

அறவாழியின் முகம் மலர்ந்தது. "இருளப்பன்னு ஒருத்தன் இருக்கான். தங்கம். எதைச் சொன்னாலும் 'ஆச்சுங்கய்யா'ன்னு சிரிச்ச முகமா நிப்பான். அவனை மாதிரி பத்துப் பேர் போதும் எனக்கு."

"சேவுகன் நிக்காதுன்னு சொல்றப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"காதுல வாங்காம நகர்ந்துடுவேன்."

அம்மா தலையாட்டினார். "நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் அம்மா கரைக்கு வந்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உச்சிப்பொழுதுவரை மண் கூடை சுமந்தார். கஞ்சி நேரத்தில் சேவுகனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கரை நிக்காதுன்னு சொன்னீங்களாமே."

சேவுகன் தலையைத் தூக்கவில்லை. "ஆமா."

"எந்த இடத்துல?"

சேவுகன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கேலி செய்கிறாரோ என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தான். அம்மா பின்னால் போனார். அறவாழியும் போனார். ஒவ்வொருவராக எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள்.

பழைய உடைப்பிலிருந்து நாற்பது அடி தள்ளி சேவுகன் நின்றான். அது ஐந்தாம் நாளே முடிந்த பகுதி. திமிசுக்கட்டையால் இடித்து இடித்து, சிமெண்டுத் தரை போல ஆக்கியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அறவாழி அதைத்தான் காட்டுவார்.

"இங்க ஒரு கருவேல மரம் நின்னுச்சு," என்றான் சேவுகன். "ரெண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற மரம். வெட்டிட்டாங்க, அடிக்கட்டையை எடுக்கலை. உள்ள வேரெல்லாம் மக்கிக் கெடக்கு. அதுமேல மண்ணைக் கொட்டி மூடியாச்சு. தண்ணி ஏறுனா வேர் போன வழியிலதான் நுழையும்."

"தோண்டுங்க," என்றார் அறவாழி. குரல் கடுமையாக இருந்தது.

இடுப்பளவு தோண்டியதும் கடப்பாரை பிடியிலிருந்து நழுவித் தலைவரை உள்ளே போனது. கறுத்துப் பொடிந்த கட்டையை வாரி வெளியே போட்டார்கள். அறவாழி குழிக்குள் இறங்கி, வேர் இருந்த துளைக்குள் கையை விட்டார். தோள்வரை போயிற்று. விரல் எதிலும் முட்டவில்லை.

அவர் மேலே ஏறி வந்தார்.

"பதினோரு நாளா நிக்காது நிக்காதுன்னியே. இடத்தைச் சொன்னா என்ன?"

"முந்தி கரை கட்டுன காண்ட்ராக்டர்கிட்ட இப்படித்தான் வேற ஒரு இடத்தைச் சொன்னேன். நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாரு. அந்த இடத்துலதான் போன வருசம் உடைஞ்சது." சேவுகன் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்ககிட்ட முதல் நாள் நிக்காதுன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. இவரும் அவரு மாதிரிதான்னு நினைச்சேன்."

அம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இருளப்பா, இந்த மரம் உங்களுக்குத் தெரியுமா?"

இருளப்பனின் சிரிப்பு நின்றுபோனது.

"தெரியுங்கம்மா. வெட்டுன ஆள்ல நானும் ஒருத்தன்."

"ஏன் சொல்லலை?"

இருளப்பன் அறவாழியைப் பார்த்தான். "ஐயா சந்தோசமா இருந்தாரு. கெடுக்க மனசு வரலைங்க."

அம்மா தன் கூடையை எடுத்துக்கொண்டு மண் அள்ளப் போய்விட்டார்.

அன்று அறவாழி கஞ்சி குடிக்கவில்லை. வேலை முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் அவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து காலையில முதல் வேலை கரையை நடந்து பாக்குறது. எங்கெங்க நிக்காதோ எனக்குக் காட்டுங்க. காட்டுன ஆளை அனுப்ப மாட்டேன்."

மறுநாள் காலை நடந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேவுகன்கூடப் பேசவில்லை. கரையின் கடைசிவரை போய்த் திரும்பும்போது இருளப்பன் தொண்டையைச் செருமினான்.

"மடைக்குப் பக்கத்துல நண்டு வளை இருக்குங்கய்யா. நாலஞ்சு இருக்கும்."

மடையோரம் அறவாழியே நின்று கட்டிய இடம் அது. அவர் முகம் சட்டென்று திரும்பப் போனது. முப்பது பேரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பக்கத்தில் நின்றவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். "வா, இடத்தைக் காட்டு," என்று இருளப்பனுக்கு முன்னால் நடந்தார்.

அதற்கடுத்த நாள் மூன்று பேர் பேசினார்கள். பிறகு பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்த கரையை ஒன்பது இடத்தில் பிளந்து, களிமண் போட்டு, மறுபடி இடித்தார்கள். அறவாழியின் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. மழைக்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது.

மழை ஆறு நாள் விடாமல் பெய்தது.

ஏழாம் நாள் விடிந்தபோது தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்று அலையடித்தது. மூன்று ஊர் சனமும் மேட்டில் கூடி நின்றது. சேவுகன் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்து போனான். திரும்பியும் அப்படியே வந்தான். எங்கும் ஈரம் கசியவில்லை.

பொழுது ஏறியதும் கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக வெள்ளை வெள்ளையாகப் பாய்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பறை முழங்கியது. போன வருடம் இதே தண்ணீருக்கு அழுத கிழவர்கள் அதில் இறங்கி, கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.

ஊர்த் தலைவர் ரோஜா மாலையைக் கொண்டுவந்து அறவாழியின் கழுத்தில் போட்டார். அறவாழி அதைக் கழற்றி எடுத்துப் போய்ச் சேவுகனுக்குப் போட்டார். கூட்டம் விசிலடித்தது. இருளப்பன் ஓடிவந்து சேவுகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். தோளில் உட்கார்ந்திருந்த சேவுகன் கடுகடுவென்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறவாழி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாருங்கம்மா. மாலை விழுந்தும் அந்த மூஞ்சி மாறலை."

"மூஞ்சியை ஏன் பாக்குறீங்க?" என்றார் அம்மா. "கண்மாயைப் பாருங்க."