கப்பல்காரி கேட்ட முத்திரை

முன்பொரு காலத்தில், கடலோரத்து ஓதநாட்டை நித்திலவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். பட்டப்பகலிலும் பாதிக் கனவில் இருப்பவன். மூடுபனி அழகாக இருந்தால் அரசவையைக் கடற்கரைக்கு மாற்றிவிடுவான். குயில் கூவினால் வழக்கை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான்.

அப்படியொரு பனிக்காலைக்குப் பிறகு, மேல்கடலுக்கு அப்பாலிருந்து ஒரு கப்பல் வந்து நின்றது. அதன் தலைவி நெவாரா. கப்பல் நிறையத் தேனில் ஊறவைத்து உலர்த்திய அத்திப்பழம். கடற்காற்று அந்த வாசனையை ஊருக்குள் கொண்டுவந்தது. வலை பின்னியவர்கள் கையை நிறுத்தினார்கள். அழுத குழந்தைகள் அடங்கின. அரசன் கிறங்கிப்போய், "இது எந்தச் சொர்க்கத்துக் காற்று?" என்றான். நெவாராவை அவைக்கு அழைத்தார்கள்.

"மன்னா, உங்கள் நாட்டில் ஊர் ஊராக இந்தப் பழம் விற்க வேண்டும். அனுமதி தாருங்கள்" என்று வணங்கினாள்.

அரசன் தலையசைக்குமுன் சுங்கத் தலைவர் விழுப்பரையர் எழுந்தார். நாட்டின் வணிகச் சட்டமெல்லாம் அவர் எழுதியதுதான். அதில் அவருக்குப் பெருமை தாங்காது.

"அரசே, வெளிநாட்டார் உணவு விற்க முத்திரை வேண்டும். முத்திரை பெற, நம் மண்ணில் ஊன்றி நிற்கும் கிடங்கு வேண்டும்."

"கிடங்கை வாடகைக்கு எடுக்கிறேன்" என்றாள் நெவாரா.

"முத்திரை இல்லாதவருக்குக் கிடங்கு தருவது குற்றம்! மேலும், அந்த உணவை உண்டு பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும்."

"ஒரு கூடை இறக்குகிறேன். யாராவது உண்டு பார்க்கட்டும்."

"முத்திரை இல்லாத உணவு கரையில் இறங்கக் கூடாது!"

அவை சிரித்தது. நெவாரா சிரிக்கவில்லை. "காற்று திரும்பிவிட்டது மன்னா. இனி ஆறு மாதம் கப்பல் ஊர் போகாது. பத்து நாளில் மழை பிடித்தால் பழமெல்லாம் பூஞ்சை. என்னை நம்பி வந்த பதினோரு பேருக்கு நான் என்ன சொல்வேன்?"

அரசன் அமைச்சர் அழிசியாரைப் பார்த்தான். "அமைச்சரே, என் சட்டமும் உடையக் கூடாது, இந்தப் பழமும் கெடக் கூடாது. பௌர்ணமிக்குள் வழி சொல்லும்."

"முடிந்தால் சொல்லட்டும்" என்று விழுப்பரையர் மீசையை முறுக்கினார். அமைச்சர் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

அழிசியார் நெவாராவிடம் இரண்டே கேள்வி கேட்டார். "அம்மா, உங்கள் கப்பலின் அடிப்பக்கம் கூரா, தட்டையா?"

"தட்டை."

"பழத்தை உண்டு யாருக்காவது நோவு வந்தால் ஓடிப்போவீர்களா?"

"நானும் என் பிள்ளைகளும் உண்பதைத்தான் விற்கிறேன், ஐயா."

"அப்படியானால் பௌர்ணமியன்று காலை, கடல்நீர் பொங்கி ஓதம் ஏறும்போது கப்பலைக் கழிமுகத்துக்குள் கொண்டுவாருங்கள். கூடைதோறும் பழத்தின் பெயரும் உலர்த்திய மாதமும் எங்கள் எழுத்தில் இருக்கட்டும். நான் எழுதித் தருகிறேன்."

பௌர்ணமிக் காலை. வெள்ளி உருகியதுபோல் கழிமுகம் ததும்பியது. கப்பல் அன்னம்போல் உள்ளே வந்தது. குற்றம் கண்டுபிடிக்க விழுப்பரையர் முதல் ஆளாகப் படகில் போய் ஏறினார். கீழே கூடைகளுக்கு நடுவே அந்த வாசனையில் தலை சுற்றியது. நெவாரா தட்டை நீட்டினாள்.

"உண்ணலாமா ஐயா? சட்டம்?"

"சட்டம் எழுதியவனுக்கே சட்டமா? கப்பல் மிதக்கும்வரை வெளிநாடு. மண்ணில் ஊன்றினால்தான் நம் நாடு" என்றபடி ஒன்றை வாயில் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏழு.

நேரம் போனதே தெரியவில்லை. ஓதம் மெல்ல வற்றியது. திடீரென்று 'தொம்' என்றொரு சத்தம். எட்டிப் பார்த்தால் சுற்றிலும் ஈர மணல்! அதன்மேல் அரசன் வெறுங்காலோடு, கனவில் நடப்பவன்போல் நடந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் அவை முழுவதும்.

அரசன் கப்பலின் பக்கப்பலகையைத் தட்டினான். "வீட்டில் யார்?"

"இது வீடு அல்ல, கிடங்கு அரசே" என்றார் அழிசியார். "கூரை உண்டு, கதவு உண்டு, நம் மண்ணில் ஊன்றி நிற்கிறது. யாரும் வாடகைக்குத் தரவில்லை, இந்த அம்மாவுடையதே."

விழுப்பரையர் ஏணியில் தடதடவென்று இறங்கினார். "அநியாயம்! மாலையில் மறுபடி மிதக்குமே!"

"எத்தனை நாழிகை ஊன்றி நிற்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தில் எழுதியிருக்கிறதா?"

விழுப்பரையர் தம் சட்டத்தை மனத்துக்குள் வரிவரியாகப் புரட்டினார். சட்டென்று முகம் மலர்ந்தது. "பிணை! உண்டு பார்த்த உள்ளூர்க்காரர் எங்கே? ஒருவரும் இல்லையே!"

அரசன் அருகே வந்து அவரை உற்றுப் பார்த்தான். "சுங்கத் தலைவரே, உமது மீசையில் என்ன, அத்தி விதையா?"

விழுப்பரையர் மீசையைப் பொத்தினார்.

"எப்போது உண்டீர்?" என்று அழிசியார் பணிவாகக் கேட்டார். "கப்பல் ஊன்றிய பிறகென்றால் குற்றம். மிதந்தபோது என்றால் குற்றமில்லை, நீங்கள்தான் பிணை."

"மி... மிதந்தபோதுதான்!"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். மணலில் உட்கார்ந்தே முத்திரை இட்டான். "விழுப்பரையரே, பிணை நிற்பவர் விலகி நிற்க முடியாது. ஒவ்வொரு கூடையிலும் முதல் பழம் உமக்கு. யாருக்காவது வயிறு வலித்தால் முதலில் உமக்கு வலித்திருக்க வேண்டும். அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?"

"புதிய சட்டம், அரசே. உணவு எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, கெட்டால் யார் பொறுப்பு? இந்த மூன்றும் போதும். நல்லவர் நுழைய ஒரு கதவு இருக்கட்டும்."

"நாளையே. விழுப்பரையர் தம் கையாலேயே எழுதட்டும்."

நெவாரா முத்திரை ஓலையை வாங்கினாள். தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். மழைக்கு முன்பே பழமெல்லாம் ஏழு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் நாள் விழுப்பரையர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பழம் சோதித்தார். இரண்டாவது நாள் விடிவதற்குள் வந்து நின்றார். மூன்றாவது நாள், "அம்மா, சந்தேகமாக இருக்கிறது. இன்னொரு கூடையையும் பார்த்துவிடலாமா?" என்றாராம்.

அவர்கள் அங்கே தித்திப்பாய் உண்டார்கள். கதை கேட்ட நாம் இங்கே நாவூறி இருக்கிறோம்.