இரண்டாம் மணி

கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் மாசிலாமணியைக் கல்வி அமைச்சர் ஆக்கினார்கள். படித்த மனுஷன் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளைக்குத்தான்.

அவருக்கு ஒரு குரு உண்டு. மலையடிவாரத்து மடத்தில் இருக்கிற சடைச்சாமி. அந்த உறவு வந்த விதமே வேடிக்கை. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில், கட்சிக்காரர்கள் சொன்னார்களே என்று சாமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் மாசிலாமணி. எழுந்து முகத்தைப் பார்த்தால், தன்னிடம் படித்துத் தன் பாடத்திலேயே பெயிலாகிப் போன கடைசி பெஞ்சு சடையாண்டி. விழுந்தது விழுந்ததுதான். திருப்பி வாங்க முடியுமா?

ஜெயித்த பிறகும் மடத்துக்கு வருவதை அவர் விடவில்லை. எதிரே வருகிறவன் எல்லாம் டிரான்ஸ்பர் கேட்கிற உலகத்தில், ஒன்றும் கேட்காத ஆள் சாமி ஒருவர்தான். மாசிலாமணி அவரைச் ‘சாமி’ என்பார். சாமி பழைய பழக்கத்தில் ‘சார்’ என்பார்.

அன்று மத்தியானம் அமைச்சர் காரை விட்டு இறங்கும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்ன சார், பேப்பர்ல படம் பெரிசா வந்திருக்கு?”

“நீங்களும் பாத்துட்டீங்களா?”

“பஜ்ஜி மடிச்சு வந்துச்சு.”

“இன்னைக்குப் பேப்பராச்சே சாமி. அதுக்குள்ளயா?”

“ரெண்டுமே சூடாத்தான் இருந்துச்சு.”

முந்தின நாள் சட்டசபையில் நடந்த கூத்து அது. மலையூர்க்கார உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அமைச்சர் பதில் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே இருந்தார். சபையில் ஆள் குறைந்துகொண்டே போனது. கேன்டீனில் இருந்தவர்களை உள்ளே கூப்பிட மணி அடித்தார்கள். காலமெல்லாம் கல்லூரி மணிக்குப் பழகின உடம்பு. மாசிலாமணி பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “மீதியை அடுத்த கிளாசுல பாப்போம்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார். உள்ளே ஓடிவந்தவர்கள் வாசலில் அவர்மேல் முட்டிக்கொண்டார்கள்.

“எல்லாரையும் உள்ள கூப்பிட்ட மணி, அமைச்சர மட்டும் வெளிய அனுப்பிருச்சுங்கறான் எதிர்க்கட்சிக்காரன். காலையில முதல்வர் வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு வாய் காபி கிடையாது. நாளைக்குச் சபையில மன்னிப்புக் கேளுங்க, இல்லேன்னா ராஜினாமா பண்ணிட்டுப் பழையபடி பாடம் நடத்தப் போங்கன்னுட்டார். நான் என்ன செய்யட்டும் சாமி?”

சாமி தாடியைத் தடவினார். “அந்த மலையூர்க்காரர் என்ன சார் கேட்டாரு?”

மாசிலாமணிக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. நேற்றிலிருந்து எத்தனையோ பேர் வந்து பேசினார்கள். மணியைப் பற்றித்தான் பேசினார்கள்.

“எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் எப்ப வருவார்னு கேட்டார்.”

“எப்ப வருவாரு?”

“அதுக்குத்தான் சாமி வந்துக்கிட்டிருந்தேன். ஆசிரியர்ங்கற சொல் எப்படி வந்துச்சு, குருகுலம் எப்படி இருந்துச்சு, வெள்ளைக்காரன் வந்து என்ன மாத்தினான்...”

“அங்கதான் மணி அடிச்சுதா?”

“ஆமா.”

“எங்களுக்கும் அங்கதான் அடிச்சுது. கண்ணாடிய யாரு கண்டுபிடிச்சான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வருஷம் முடிஞ்சுபோச்சு. பரீட்சையில லென்ஸ் வந்துச்சு.”

“சாமியார் ஆன பிறகுமா அதை மறக்கல?”

“அரியர் எழுதினது அதுக்கு முன்னாடி சார். வாங்க, பந்தி போடறாங்க.”

மடத்தில் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை மணி அடிப்பார்கள். முதல் மணிக்கு உட்கார வேண்டும். இரண்டாம் மணி அடித்தால் பரிமாறுவது நின்றுவிடும். யாராக இருந்தாலும் இதுதான் சட்டம்.

முதல் மணி அடித்தது. வயிறு ஒட்டிப்போயிருந்த அமைச்சர் முதல் இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் அவருடைய பாதுகாப்புப் போலீஸ்காரர். இலை ஓரத்தில் உப்பு வைத்துப் போனார்கள். அமைச்சர் இலைக்கு மட்டும் சாமியே சோற்றுக் குண்டானோடு வந்து குனிந்தார்.

“சார், இது கிச்சிலிச் சம்பா. சாதாரண அரிசி இல்ல. இந்த விதை மடத்துக்கு வந்த கதை தெரியுமா?”

“சொல்லுங்க சாமி.”

சாமி சொன்னார். விதை கொடுத்த பண்ணையார், அவருடைய மாமனார், அந்த வருஷத்து மழை, உழுத மாட்டின் சுழி. சோறு அள்ளிய கரண்டி இலைக்கு மேலே வரும். மாசிலாமணி பிசையக் கையைக் குவிப்பார். கதை வளரும், கரண்டி குண்டானுக்கே போய்விடும். பக்கத்து இலையில் சாம்பார் முடிந்து ரசம் ஓடியது.

“ரொம்ப அருமை சாமி. கொஞ்சம் போட்டுக்கிட்டே சொல்லலாமே.”

“அவசரப்படக் கூடாது சார். அடிப்படை தெரியணும்.”

வகுப்பில் மாசிலாமணி தினமும் சொன்ன வார்த்தை அது. அவர் இலை ஓரத்து உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் மோர் வாங்கினார். தனக்கும் அமைச்சருக்கும் நடுவில் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மோரையே பார்த்துக் குடித்தார்.

“ஆக, நெல்லு களத்துக்கு வந்தாச்சு. இனிமேதான் சார் அரிசி” என்று சொல்லிச் சாமி கரண்டி நிறைய அள்ளினார்.

இரண்டாம் மணி அடித்தது.

சாமி கரண்டியைக் குண்டானுக்குள் போட்டார். தட்டால் மூடினார். குண்டானை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சமையல்கட்டைப் பார்த்து நடந்தார்.

“சாமி, இலையில ஒண்ணுமே விழலியே” என்றார் மாசிலாமணி.

சாமி நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“மீதியை அடுத்த கிளாசுல பாப்போம் சார்.”