நாற்பது முகம், ஒரே வாய்

முன்னொரு காலத்தில், வாய் மட்டும் வளர்ந்த ராஜா ஒருவர் இருந்தார். "நம் அவையைச் சுவரில் தீட்டு. இதுவரை எவரும் தீட்டாத விதமாக இருக்கட்டும்" என்று ஓவியம் தீட்டும் ஒரு பெண்ணுக்கு ஆணையிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை, மகராசன்!

மூன்று மாதம் அவையிலேயே இருந்து அவள் தீட்டினாள். நடுவில் ராஜா, சுற்றிலும் அவையோர், மொத்தம் நாற்பது முகங்கள். எதிலும் கண் இல்லை, காது இல்லை. எல்லாவற்றிலும் ராஜாவின் வாய், அதே முறுக்கு மீசை, அதே தெற்றுப்பல்.

"இது தங்களைப் பழிக்கும் சித்திரம், அரசே" என்று மந்திரி விசயராயர் தூபம் போட்டார்.

"மூணு மாசமா இங்க என் காதில் விழுந்ததைத்தான் தீட்டினேன், மகாராஜா" என்றாள் அவள்.

உண்மையைச் சொன்னால் விடுவார்களா? வலக்கைக் கட்டைவிரலை வெட்டச் சொன்னார் ராஜா. தீட்டிப் பிழைக்கிறவளுக்கு அது தலையை வெட்டுவதுதானே? நினைத்தால் வயிறு எரிகிறது!

விகடகவி ஆவுடையப்பன் எழுந்தான். அவன் பேசினால் காரியம் கெடும் என்று மந்திரிக்குத் தெரியும். ராஜாவின் காதில் ஓதினார். ராஜா கர்ஜித்தார்: "இக்கணம் முதல் நான் சொல்லாத சொல்லை எவரும் சொல்லலாகாது. மீறினால் நாக்கு அறுபடும்!"

ஆவுடையப்பன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

குற்றவாளியின் பெயரை மூன்று முறை கூவிய பிறகே கத்தி இறங்கவேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். கத்திக்காரன் கூவ வாயெடுத்தான். ஆவுடையப்பன் தன் நாக்கை நீட்டி, விரலால் அறுத்துக் காட்டினான். ராஜா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லையே! கத்திக்காரன் கப்பென்று வாயை மூடிக்கொண்டான்.

"ஏன் நிற்கிறாய்? அவள் பெயர் என்ன?" என்றார் ராஜா.

"அவள் பெயர் என்ன?" என்றான் ஆவுடையப்பன்.

"அவள் பெயர் என்ன?" என்றது அவை முழுவதும்.

"மந்திரி, நீ சொல்!"

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. அவருக்கும் இருப்பது ஒரே நாக்குத்தானே? ராஜாவைப் பார்த்து, "நீ சொல்!" என்றார்.

"யாரை நீ என்கிறாய், மடையா!"

"மடையா!" என்றார் மந்திரி, அழாத குறையாக.

"மடையா!" என்றது அவை.

ராஜா சுவரைப் பார்த்தார். அவையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆணையும் இல்லை, தண்டனையும் இல்லை. எல்லோரும் பேசுங்கள்! உன் பெயர் என்னம்மா?"

"வடிவுடையாள். இப்பவாவது கேட்டீங்களே!"

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். அவன் சொன்னான்: "மகிழ்ச்சி, அரசே. ஆனால் சித்திரத்தில் ஒரு குறை இருக்கிறது. அதையும் இவள் தீர்த்துவைக்க அருள வேண்டும்."

வடிவுடையாள் அதே வலக்கையில் தூரிகையை எடுத்தாள். நடுவில் இருந்த ராஜாவின் முகத்துக்கு மட்டும் பெரிதாக ஒரு காது வரைந்தாள்.

ராஜாவுக்கு ஒரு காது முளைக்க ஒருத்தியின் விரல் கத்திவரை போகவேண்டியிருந்தது. இதற்குப் பெயர் அரசாட்சியாம்!