ஷென் வீட்டுப் பொடிக்குப்பிகள்

சீன நாட்டில் ஓர் ஆற்றங்கரை ஊர். ஊருக்கு மேலே மலையில் ஒரு மடம் இருந்தது. மடத்தின் குரு ஜிங்யுவான் என்ற பெண் துறவி. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

ஒரு நாள் ஷென் பாவ் மலையேறி வந்தார். ஊரிலேயே பெரிய பட்டு வியாபாரி. துறவிக்கு அப்பா வயது.

"குருவே, என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும்."

"ஏன், வீட்டில் என்ன குறை?"

"எல்லாம் இருக்கிறது. தூக்கம்தான் இல்லை."

"பெருமையை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்" என்றார் ஜிங்யுவான்.

ஷென் இறங்கிப் போனார். அவருக்குக் குழப்பமே இல்லை. ஷென் வீட்டுப் பெருமை எது என்று ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அது ஒரு பெட்டி. உள்ளே பட்டு விரித்த குழிகள். குழிக்கு ஒன்றாகக் கண்ணாடி மூக்குப்பொடிக் குப்பிகள். ஷென்னின் தாத்தா அரண்மனை மனிதர்களிடமும் நொடித்துப்போன குடும்பங்களிடமும் தேடித் தேடிச் சேர்த்தவை. பார்ப்பதற்குத்தான் அவை. அதுவும் எல்லோரும் பார்ப்பதற்கு அல்ல.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். இருவர் சந்தித்தால் வணங்கிவிட்டு ஆளுக்கொரு பொடிக்குப்பியை எடுத்து மாற்றிக்கொள்வார்கள். உன் பொடியில் எனக்கொரு சிட்டிகை, என் பொடியில் உனக்கொரு சிட்டிகை. குப்பிகள் திரும்பக் கைமாறிய பிறகுதான் பேச்சு. அங்கே காலிக் குப்பியை நீட்டுவது, நம் ஊரில் வெற்றிலை வைக்காத தாம்பூலத் தட்டை நீட்டுவது மாதிரி.

மறுநாள் காலை ஷென் மடத்து வாசலுக்கு வந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் சுத்தியல். பின்னால் பாதி ஊர். வியாபாரி அல்லவா, நாலு பேருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

"குருவே, என் பெருமை இதுதான். உங்கள் வாசலிலேயே உடைத்துவிடுகிறேன்."

"உடைக்கலாம். அதற்கு முன் எனக்கும் காட்டுங்கள். நான் பார்த்ததே இல்லை."

ஷென் பெட்டியைத் திறந்தார். அவ்வளவுதான், அவர் குரலே மாறிவிட்டது.

"இது வெள்ளைக் கண்ணாடி. மேலே சிவப்புக் கண்ணாடி ஏற்றி, அதை மீனாகச் செதுக்கியிருக்கிறார்கள். இந்த மஞ்சள், அரச குடும்பத்துக்கு மட்டுமே உரிய மஞ்சள். இதைப் பாருங்கள். கழுத்தில் சுண்டுவிரல்கூட நுழையாது. வளைந்த மூங்கில் தூரிகையை உள்ளே விட்டு, உள்பக்கமாகவே வரைந்திருக்கிறார்கள். முட்டைக்கோஸ் இலை, அதன்மேல் இரண்டு வெட்டுக்கிளிகள்."

ஜிங்யுவான் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"மீசைகூடத் தெரிகிறதே! அடடா, எவ்வளவு அழகு!"

அவர் நடிக்கவில்லை. அழகானதைப் பார்த்தால் சந்தோஷப்படத் தெரிந்தவர். அவர் வாய்விட்டுப் புகழ, கையில் சுத்தியலோடு வந்த ஷென்னுக்கு மார்பு நிமிர்ந்துகொண்டே போனது.

"விருந்தாளியை நிற்கவைத்தே பேசிவிட்டேன்" என்று ஜிங்யுவான் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சட்டைக் கையிலிருந்து ஒரு சின்னச் சுரைக்குடுவையை எடுத்து நீட்டினார். துறவிக்கு எதற்கு மூக்குப்பொடி என்று கேட்பவர்கள் அந்த மலைக் குளிரில் ஒரு மார்கழியை ஓட்டிப் பார்க்கலாம்.

ஷென் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். பதிலுக்கு, வழக்கப்படி, வெட்டுக்கிளிக் குப்பியை நீட்டினார். கை பழக்கத்தில் நீட்டிவிட்டது.

ஜிங்யுவான் மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஒரு முறை தட்டினார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷென்னின் காது சிவந்தது.

"அதில் பொடி போடக் கூடாது, குருவே. ஓவியம் கெட்டுவிடும்."

"சரி, வேறு எதில் இருக்கிறது?"

"எதிலும் இல்லை."

"அப்படியானால் ஷென் வீட்டில் யாரும் யாருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்ததே இல்லையா?"

ஜிங்யுவானின் விரல் பெட்டியின் ஓரத்துக்குப் போனது. கடைசிக் குழியில் ஒரு பச்சைக் குப்பி. உடம்பெல்லாம் கீறல். மூடிக்குப் பதில் செருகிய ஒரு சின்ன மரக்கட்டை.

"இது?"

"அது சேகரிப்பில் சேராது. என் அப்பா வைத்திருந்தது. அந்தக் குழியில் அருமையான நீலக் குப்பி ஒன்று இருந்தது, குருவே. அப்பா அதைத் தொலைத்துவிட்டார். தாத்தா சாகும்வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை. நானும் அவரோடு சரியாகப் பேசியதில்லை. குழி காலியாக இருந்தால் அசிங்கம் என்று இதை வைத்தேன்."

ஜிங்யுவான் மரக்கட்டையைப் பிடுங்கிக் குப்பியை மூக்கருகே கொண்டுபோனார்.

வாசலே அதிரும்படி ஒரு தும்மல். குருவின் தொப்பி கழன்று படியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் மறுபடியும் தும்மினார். கூட்டம் சிரித்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இதில் இருக்கிறது!"

அப்போது கூட்டத்துக்கு வெளியே, தள்ளி நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் ஃபெங். பிணம் தூக்குகிற குடும்பம். அவள் வர வர மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மரியாதையால் அல்ல.

"ஐயா, அந்தப் பச்சைக் குப்பி பெரிய ஐயாவோடதுதானே?"

"ஆமாம்" என்றார் ஷென்.

"எங்கப்பன் தொட்டதை இந்த ஊர்ல யாரும் தொட மாட்டாங்க. பெரிய ஐயா மட்டும் வழியில பாத்தா நின்னு இந்தக் குப்பியை நீட்டுவாரு. மாத்திக் குடுக்க எங்கப்பன்கிட்ட குப்பி கிடையாது. தலையைக் குனிஞ்சுட்டு நிப்பாரு. ஒரு நாள் பெரிய ஐயா வேற ஒரு குப்பியைக் கொண்டாந்து அவரு கையில வச்சுட்டுப் போனாரு. 'இனிமே நீயும் நீட்டலாம்'னாரு."

அவள் இடுப்பிலிருந்து எடுத்தாள். நீலக் குப்பி. ஷென்னுக்கு அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிறுவயதில் அதைப் பெட்டியில் பார்த்தவர், பிறகு அதன் வெற்றுக் குழியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்.

"எங்கப்பன் கடைசி வரைக்கும் இதைக் காலியா வச்சதில்ல. நானும் வச்சதில்ல."

சொல்லிவிட்டு, மூடியைத் தளர்த்தி, இரண்டு கைகளாலும் அதை ஷென்னிடம் நீட்டினாள்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஷென் சுத்தியலைக் கீழே வைத்தார். நீலக் குப்பியை வாங்கி ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். நல்ல காரம். பிறகு குருவின் கையிலிருந்த பச்சைக் குப்பியை வாங்கி, இரண்டு கைகளாலும் ஃபெங்குக்கு நீட்டி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். ஷென் வீட்டுக்காரர் அவ்வளவு குனிந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

ஃபெங் தட்டினாள். கொஞ்சம் விழுந்தது. அவளும் தும்மினாள்.

குப்பிகள் திரும்பக் கைமாறின. நீலக் குப்பி அவள் இடுப்புக்கே போனது. அதை ஷென் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அவர் பச்சைக் குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இது என் அப்பாவின் குப்பி!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கடைசி வரிசைவரை கேட்டது.

பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. குருவிடம் திரும்பினார்.

"குருவே, பெருமையை விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். விடத்தான் வந்தேன். இப்போது அது, வந்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு ஆகிவிட்டது. நான் வீட்டுக்கே போகிறேன்."

ஜிங்யுவான் மடத்துக் கதவின் இரண்டு பக்கங்களையும் விரியத் திறந்தார்.

"பெட்டி வாசலிலேயே இருக்கட்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கட்டும். இவ்வளவு அழகை எதற்கு உடைப்பது?"

ஷென் பெட்டியின் முன் மண்டியிட்டார். பச்சைக் குப்பியைக் கடைசிக் குழியில் வைக்கப் போனார்.

"அதை அல்ல" என்றார் ஜிங்யுவான். "படி உயரம். தவறவிடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்."