மீனுக்குத் தோதான தொட்டி

வெள்ளந்திப்பட்டி ஆவுடையப்பனுக்கு அவன் மச்சினன் ஒரு தங்கமீனைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். விரல் நீளம்தான். மனைவி செண்பகவல்லி பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போனாள். சோற்றுப் பானையைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அதில் விட்டாள்.

"நான் கடைத்தெருவுக்குப் போறேன். சாயங்காலத்துக்குள்ள சரியான தொட்டிக்கு ஏற்பாடு பண்ணுங்க. மீனுக்கு ஏதாவது ஆச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

இம்மாதிரிச் சிக்கல்களில் ஆவுடையப்பன் தன் மூளையை மட்டும் செலவழிப்பதில்லை. சிநேகிதர்கள் கொண்டல்ராசு, வேலப்பன் இருவரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் பொறுமைசாலி. "மீனோட இடத்துல நீங்க இருந்து பாருங்க. தாராளமாத் திரும்பணும், நெளியணும். அதுதான் சரியான அளவு" என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அதுதான் அவர் செய்த தப்பு.

"மீனோட இடத்துல யார் இருக்கிறது?" என்றான் ஆவுடையப்பன்.

"மீன் யார் குடுத்தது?" என்றான் வேலப்பன்.

"என் மச்சினன்."

"அப்ப அவன்தான் இறங்கணும்."

"அவன் ஊருக்குப் போயிட்டானே."

"அப்ப உறவுமுறையில நீதான்."

நியாயமாகத்தான் பட்டது. ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கி, முழங்காலும் முகவாயும் முட்ட உட்கார்ந்தான்.

"திரும்பு" என்றான் கொண்டல்ராசு.

"முடியலை."

"நெளி."

"மூக்கு மட்டும்தான் நெளியுது."

"அப்ப மீனுக்குப் பத்தாது" என்று வேலப்பன் தீர்ப்புச் சொன்னான்.

"மாட்டிக்கிட்டேன், தூக்குங்கடா!"

"பேசாதே. மீன் பேசாது."

திரும்பி வந்த கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நல்லெண்ணெயை ஊற்றி, அவனை உருவி எடுத்து, மூவரையும் வெளியே அனுப்பினார்.

எண்ணெய் வழியச் சிநேகிதர்களோடு வீடு வந்த ஆவுடையப்பன், அலுப்புத் தீரக் கூடத்தில் படுத்தான். திரும்பினான். நெளிந்தான். துள்ளி எழுந்தான்.

"டேய், சரியான அளவு இதுதான்!"

செண்பகவல்லி இன்னும் திரும்பவில்லை. மூவரும் வாசல் கதவைச் சாத்திவிட்டு, கொல்லைக் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்துக் கூடத்தில் கொட்டினார்கள். கொட்டிய தண்ணீரெல்லாம் சுவரோரத்துச் சலதாரை வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், கூடத்தில் கணுக்கால்கூட நனையவில்லை.

"இவ்வளவு தண்ணியும் எங்கடா போச்சு?" என்றான் வேலப்பன்.

கொண்டல்ராசு யோசித்தபடியே சமையலறைக்குப் போய்ப் பானையை எட்டிப் பார்த்தான். மீன் வாயைத் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது.

"இங்க வந்து பாருங்கடா" என்றான் நடுங்கும் குரலில். "இன்னும் குடிச்சுக்கிட்டே இருக்கு."

மூவரும் பானையைச் சுற்றி நின்றார்கள். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம்டா. பிறந்ததிலேருந்து தண்ணியே பார்த்ததில்ல போல" என்று சொல்லி, குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான்.