ஆற்றுப்பாலைப் போத்து

தாழங்கரைக்காரர்களுக்கு நடந்தது அநியாயம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டியதில்லை.

மேட்டில் இருந்த நகரம், தான் தின்று கழித்ததையெல்லாம் லாரி லாரியாகக் கொண்டுவந்து இவர்களுடைய மேய்ச்சல் மேட்டில் கொட்டியது. ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பை மலையாக வளர்ந்தது. சுற்றிலும் வேலி போட்டு, அந்த மண்ணும் நகரத்துக்கே சொந்தம் என்று பலகை வைத்தார்கள். மழை பெய்தால் மலை ஊறி, அடியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு கசியும். அது ஓடை வழியே இறங்கி, ஊரே குடித்துக்கொண்டிருந்த தாழைக்குளத்தில் கலந்தது.

நியாயம் கேட்கப் போனார்கள். நகரத்து மெம்பர் சடகோபன் நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொன்னார்.

“தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். அதுக்கு நான் என்ன பண்றது?”

கூட்டத்தோடு போயிருந்த குளக்கரை மடத்து உமையாள் அம்மை ஒன்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த மௌனத்தை மருதாயி மன்னிக்கவே இல்லை.

மருதாயி, உமையாள் அம்மையின் சீடர். ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். அம்மை மடத்துக்கு வந்தபோதே மருதாயியின் மகனுக்கு மீசை முளைத்தாயிற்று. அதனால் சீடர் குருவை “தாயே” என்பார். குரு சீடரை “அக்கா” என்பார். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

தாழங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. வாழ வருகிற பெண், வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன் குளத்தில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடிக்க வேண்டும். மருதாயி குடித்த நாளில் கரையெல்லாம் தாழம்பூ விரிந்திருந்தது. தண்ணீரே மணந்ததாக இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது வலது உள்ளங்கை தானாகக் குவியும்.

அவருடைய மருமகள் அதே படியில் வந்து நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குடி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கொஞ்ச நாளில் அவளும் மகன் கொம்பையாவும் மூட்டை கட்டினார்கள்.

“குளம் தெளிஞ்சா வந்துர்றோம்மா” என்றான் கொம்பையா.

மருதாயிக்கு அந்தச் சொல் ஒன்றுதான் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

“தாயே, குளம் பழையபடி எப்போ ஆகும்?”

அம்மை மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஓடை குளத்தில் சேரும் முன்பே அதை மடக்கினார்கள். சரளை பரப்பிய அகலமான பள்ளங்கள் வெட்டி, சம்பங்கோரையும் நாணலும் வைத்தார்கள். துள்ளி வந்த கறுப்புத் தண்ணீர் அங்கே காலை நீட்டிப் படுத்து, மெல்ல நகர்ந்தது. அதைத் தாண்டி ஆற்றுப்பாலைத் தோப்பு. ஆற்றுப்பாலைக்கு விதை தேட வேண்டாம். கைப்பருமன் கிளையை நறுக்கி ஈரத்தில் ஊன்றினால் போதும். அதைத்தான் போத்து என்பார்கள். அது எந்தத் தண்ணீரையும் முகம் சுளிக்காமல் குடிக்கும்.

“அத்தனை விஷமும் மரத்துல ஏறாதா தாயே?”

“ஏறும்.”

“ஏறினா?”

“வெட்டணும்.”

மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்தன. தண்ணீரின் கறுப்பு வெளுத்துத் தேநீர் நிறமானது. தவளைகள் திரும்பின. மருதாயி நாள்தோறும் குளத்தில் ஒரு கை அள்ளுவார், முகர்வார், ஊற்றிவிடுவார். பிறகு தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே இருந்தால் கண்ணாலத்தன்று உறவெல்லாம் கரையில் நின்று குலவை போட்டது காதில் கேட்குமாம்.

வெட்டும் பருவம் வந்தது. அம்மை அரிவாளோடு வர, மருதாயி குறுக்கே நின்றார்.

“வெட்ட விடமாட்டேன். நான் வாழ வந்தப்போ இருந்த நிழல் இப்பத்தான் திரும்பி வந்திருக்கு.”

“அது தாழை நிழல் அக்கா. இது பாலை.”

“நிழல்ல கூடவா சாதி பாக்குறீங்க தாயே?”

அம்மை சிரித்துவிட்டார். அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பனிக்காலத்தில் பாலை இலை உதிர்த்தது. தோப்பிலிருந்து குளத்துக்குப் போகும் வாய்க்கால் நிறைய இலை. மிதந்தது, ஊறியது, அழுகியது. ஒரு காலையில் மருதாயி அள்ளிய தண்ணீர் பழைய நாற்றம் நாறியது. தவளைச் சத்தமும் இல்லை.

“படுபாவிங்க! மறுபடியும் என்னத்தையோ கொட்டிட்டானுங்க!” கொண்டையை முடிந்துகொண்டு மேட்டை நோக்கிக் கிளம்பினார்.

அம்மை வாய்க்காலில் கையை விட்டு ஒரு பிடி அழுகிய இலையை எடுத்து, மருதாயியின் குவிந்த உள்ளங்கையில் வைத்தார்.

மருதாயி முகர்ந்தார். அதே நாற்றம்.

“அரிவாள் எங்க தாயே?”

தோப்பை அவரே வெட்டினார். ஆடுகளை அண்ட விடாமல், இலையையும் சிறு விறகையும் செங்கல் சூளைக்கு ஏற்றி அனுப்பினார். நேரான கிளைகளைப் போத்தாக நறுக்கிக் கட்டு கட்டிக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். சடகோபன். நாற்காலி இல்லாததால் ஆள் சின்னதாகத் தெரிந்தார்.

“அம்மா, மலையோட சாறு எங்க பக்கமும் இறங்கிருச்சு. எங்க தெருக் கிணத்துல வாய் வைக்க முடியல. மலை அடிவாரத்தைச் சுத்தி முழுசா உங்களை மாதிரியே நட்டுரலாம்னு இருக்கோம். வேலியைப் பிரிச்சாச்சு. போத்து வேணும்.”

“ஏன் மெம்பரே,” என்றார் மருதாயி, “உங்க ஊர்ல இப்ப தண்ணி மேட்டுக்கும் ஏறுதோ?”

சடகோபன் குனிந்து போத்துக் கட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

அம்மை ஒரு துணியைச் சும்மாடாகச் சுற்றி மருதாயியின் தலையில் வைத்தார். இருந்ததிலேயே பெரிய கட்டைச் சுட்டிக் காட்டினார்.

“நீங்களும் கூடப் போயி நட்டுக் காட்டிட்டு வாங்க அக்கா. வருஷா வருஷம் வெட்டணும்னு சொல்லிக் கொடுங்க.”

மருதாயி சும்மாட்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நானா? இவருக்கா? எம்புள்ள ஊரை விட்டுப் போனது யாரால? நாம அத்தனை பேரும் வெயில்ல நின்னோம். இவரு உக்காந்துக்கிட்டு ஒரு சொல்லு சொன்னாரு. நீங்க வாயே திறக்கல. நான் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இவரு மூஞ்சிக்கு நேரா அதைச் சொல்லுங்க. அப்புறம் கட்டைத் தூக்குறேன்.”

அம்மை குப்பை மலையின் அடிவாரத்தைப் பார்த்தார். அங்கிருந்து ஓடையை, கோரையை, மொட்டையாக நின்ற தோப்பைத் தொடர்ந்து வந்து, மருமகள் நின்ற குளத்துப் படியில் கண்ணை நிறுத்தினார்.

“அவர் அன்னிக்குச் சொன்னது சரிதான் அக்கா. தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும்.”